தன் பேரைத் தப்பா எழுதின பையன்

இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையில் சீஃபோர்டுன்னு ஒரு சின்ன ஊர். அங்கே டாக்டரா இருந்தவர் பிரிங்கிள் மார்கன். அவர் பார்த்த பதினாலு வயசுப் பையன் ஒருத்தனைப் பத்தித்தான் இந்தப் பதிவு. பேர் பெர்சி. கண்ணுல கோளாறு இல்லை. சூட்டிகையான பையன், விளையாட்டிலும் யாருக்கும் சளைச்சவன் இல்லை. ஏழு வயசிலிருந்து பள்ளிக்கூடம், தனி வாத்தியார்னு என்னென்னமோ பண்ணியும் வாசிப்பு மட்டும் வரலை. தன் பேரை எழுதச் சொன்னால் எழுத்தை இடம் மாத்தி 'ப்ரெசி'ன்னு எழுதினான். ஒரு தடவைக்கு மேல சுட்டிக் காட்டின பிறகுதான் தப்பே அவனுக்குத் தெரிஞ்சது.

ஆனா கணக்கு? 749ஐ 867ஆல் பெருக்கச் சொன்னார் டாக்டர். மளமளன்னு சரியாப் போட்டுட்டான். (நான் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன். 6,49,383. மனுஷன் சும்மா விடுவானா!) இத்தனைக்கும் நாலை அரையால் பெருக்கறதுல தடுமாறியிருக்கான். அச்சிட்ட வார்த்தைகளைப் பார்த்தா தனக்கு ஒண்ணுமே அர்த்தமாகலைன்னு அவனே சொல்லியிருக்கான்.

1896 நவம்பரில் மார்கன் இதைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். பிறவியிலேயே வாசிப்புச் சிக்கல் உள்ள குழந்தையைப் பற்றி வந்த முதல் மருத்துவக் கட்டுரைன்னு பொதுவா இதைத்தான் சொல்றாங்க. அதில் என்னை உலுக்கின இடம் வேற. பல வருஷம் பெர்சிக்குப் பாடம் எடுத்த வாத்தியாரின் கருத்தையும் மார்கன் சேர்த்திருக்கார். பாடம் முழுக்க வாய்வழியா மட்டும் நடந்தா, இந்தப் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவனாத்தான் இருப்பான் என்கிற பொருளில் சொல்லியிருக்கார் அந்த மனுஷர்.

1896இல்! எனக்கு நாலாம் வகுப்பு எடுத்தவர் "கொழுப்புடா உனக்கு"ன்னு நோட்டைத் தூக்கி எறிஞ்சது அதுக்கு எண்பது தொண்ணூறு வருஷம் கழிச்சு. 'கொ' எழுதும்போது கொம்பை முன்னாடி போடணுமா பின்னாடியா, காலை எங்கே நிறுத்தறதுன்னு நான் முழிச்சது அவருக்குத் திமிராத் தெரிஞ்சது. வாயால கேட்டிருந்தா அத்தனை பதிலும் சொல்லியிருப்பேன். கேட்கலை.

சரி, கதைக்கு வருவோம். 'டிஸ்லெக்ஸியா' என்ற சொல் பெர்சிக்கு முன்னாடியே பிறந்தாச்சு. 1887இல் ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் அந்தப் பேரை வெச்சு ஒரு நூலே போட்டார். ஆனா அவர் பேசினது மூளையில் பாதிப்பு வந்து வாசிக்கும் திறனை இழந்த பெரியவங்களைப் பத்தி. கிளாஸ்கோவில் இதையே பல வருஷம் ஆராய்ந்து 1917இல் புத்தகம் எழுதின ஹின்ஷெல்வுட்டும் கண் மருத்துவர்தான். ஆரம்பத்தில் கண் டாக்டர்கள் கையில் இருந்ததாலோ என்னவோ, 'எழுத்து தலைகீழாத் தெரியுமாமே', 'கண்ணாடி போட்டாச் சரியாயிடுமே' என்கிற பேச்சு இன்னைக்கும் போகலை. 1970களுக்குப் பிறகு வந்த ஆய்வுகள் வேற திசையைக் காட்டின. பெரும்பாலானவங்களுக்குச் சிக்கல் பார்வையில் இல்லை. சொல்லைத் தனித்தனி ஒலிகளாப் பிரிச்சு, அந்த ஒலிகளை எழுத்தோடு கோர்க்கறதுலதான்.

அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் 1925இல் எழுதின கட்டுரையிலும் ஒரு பையன் வர்றான். பதினாறு வயசு, வாசிக்கத் தெரியாது, அறிவுத்திறன் சோதனையில் 71. மந்தபுத்தின்னு முத்திரை குத்த அந்த நம்பர் போதும். ஆர்ட்டன் அவனோட பேசிப் பார்த்துட்டு அந்த நம்பரை நம்பலை.

இப்படி டாக்டர்கள் எழுதிக்கிட்டே இருந்தாங்க, பள்ளிக்கூடம் கேட்டாத்தானே? பிரிட்டனில் 1970இல் ஒரு சட்டத்தில் டிஸ்லெக்ஸியா என்ற சொல் ஏறிச்சு. ரெண்டே வருஷத்தில் அரசு ஆலோசனைக் குழு ஒண்ணு அந்தச் சொல்லே வேண்டாம்னு ஒதுக்கிடுச்சு. வசதியான வீட்டுப் பெற்றோர் தங்கள் மக்குப் பிள்ளைக்குக் கண்டுபிடிச்ச சாக்குன்னு கேலி வேற. 1987இல்தான் அந்த அரசு இதை ஏத்துக்கறதா நாடாளுமன்றத்தில் சொன்னது.

அதுக்குள்ள எத்தனை பிள்ளைங்க பள்ளியை முடிச்சுட்டு வெறுங்கையோட வெளியே போயிருக்கும்! அதில் ஒருத்தர் பமீலா ஃபெல்ப்ஸ். 1985இல் கல்வித்துறை உளவியலாளர் சோதிச்சுட்டு குறிப்பிட்ட குறை எதுவும் இல்லைன்னு எழுதிட்டார். பள்ளியை விட்டுப் போகும் சமயத்தில், தனியா எடுத்த சோதனையில்தான் டிஸ்லெக்ஸியான்னு தெரிஞ்சது. அவர் வழக்குப் போட்டார். ஜெயிச்சார், மேல்முறையீட்டில் தோத்தார், 2000இல் பிரபுக்கள் சபையில் மறுபடி ஜெயிச்சார். குறையைக் கண்டுபிடிக்கத் தவறினதுக்கும் பதில் சொல்லணும்னு ஆச்சு.

நம்ம பக்கம் 1990களின் தொடக்கத்தில் சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் வந்தது. 2007 கடைசியில் 'தாரே ஜமீன் பர்' வந்த பிறகுதான் என் சொந்தக்காரங்க பாதிப் பேருக்கு அந்தச் சொல்லே காதில் விழுந்தது. "அந்தப் படத்துல வர்ற வியாதியா உனக்கு?"ன்னு பாசமா விசாரிச்சாங்க. வியாதி இல்லை சித்தின்னு சொல்லி வாய் வலிச்சது. 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தாங்க.

எழுதினதை ஏத்தறதுக்கு முன்னாடி வீட்டம்மா ஒரு தடவை படிக்கறது வழக்கம். இந்தப் பதிவில் பெர்சியோட பேரையே மூணு இடத்தில் மூணு விதமா எழுதியிருந்தேனாம். அவங்க ரெண்டு தடவை காட்டின பிறகுதான் எனக்குத் தெரிஞ்சது. திருத்தியாச்சு :-)