இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

தேக்காவில் மூவர் கூடி ஒரு வெள்ளியைப் பங்கிடப் புகுந்தால் ஒரு காசு மிஞ்சும். அறுபது காசாயின் மூவர்க்கும் நால்வர்க்கும் ஐவர்க்கும் அறுவர்க்கும் மிச்சமின்றிப் பங்காகும். 100ஐ மிச்சமின்றி வகுக்கும் எண்கள் 9. அதனிற் சிறிய 60ஐ வகுப்பனவோ 12. 60க்குக் கீழ்ப்பட்ட எந்த எண்ணுக்கும் இத்தனை வகுஎண்கள் இல்லை. இத்தகைய எண்களை ஆராய்ந்து பெருங்கட்டுரை ஒன்று வரைந்தவர், நம்மைப்போல் கணக்குப் புத்தகத்தோடு மாரடித்த ஒரு கிராணியே என்பதைத் தோட்டத்துத் தோழர்கள் அறிதல் வேண்டும்.

1887இல் ஈரோட்டிற் பிறந்த இராமானுஜன், 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தின் கணக்குப் பகுதியில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்தார். 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார். மறு ஆண்டே மேற்சொன்ன கட்டுரை இலண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. சங்கத்திற்கு அப்போது பணமுடை. ஆகவே கட்டுரை முழுவதும் அச்சேறவில்லை. எஞ்சிய பகுதி குறிப்புகளுடன் அச்சு வாகனம் ஏறியது 1997இல்! கணக்கிற் புலியாயினும் காகிதச் செலவுக்குத் தப்ப முடியவில்லை.

நிற்க. அக்கட்டுரையில் இவ்வகை எண்களின் பட்டியல் ஒன்றுண்டு. அதன் கடைசி எண் 6746328388800. அதாவது ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. 2ஐ ஆறு முறையும், 3ஐ நான்கு முறையும், 5, 7 ஆகியவற்றை இவ்விரண்டு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் வைத்துப் பெருக்கினால் இவ்வெண் கிட்டும். இதன் வகுஎண் ஒன்றில் 2 என்பது ஒரு முறையும் வராதிருக்கலாம், ஆறு முறை வரையும் வரலாம். ஆக ஏழு வழி. 3க்கு ஐந்து வழி, 5க்கும் 7க்கும் மும்மூன்று, மற்ற ஐந்துக்கும் இவ்விரண்டு. எல்லாம் பெருக்க வகுஎண்கள் 10080 ஆகின்றன.

இப்பட்டியலில் ஓர் எண் விடுபட்டிருப்பதைப் பிற்காலத்தார் கண்டனர். அது 293318625600, வகுஎண்கள் 5040. விந்தை யாதெனில், கடைசி எண்ணிலிருந்து அந்த 23ஐ மட்டும் நீக்கினால் நிற்பது இவ்வெண்ணே!

நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் உரைத்தவையே இவர் கணக்குகள் என்பாருளர். இராமானுஜனும் அங்ஙனம் கூறியதுண்டு. அவர் நம்பிக்கை அவருடையது. ஆயினும் பிறர் சொல்லக் கேட்டு எழுதிய பட்டியலாயின் நடுவே ஓரெண் நழுவுவானேன்? கற்பலகையில் எழுதி, முழங்கையால் அழித்து, மீண்டும் எழுதிப் பழகிய மனிதர் அவர். எண்ணும் பொறியின் துணையின்றி, லட்சங்கோடியையும் கடந்து தம் கையாற் கணக்கிட்டுச் சென்றவருக்கு ஓரிடத்தில் ஓரெண் தவறிற்று. தெய்வவாக்கு என்று கைகூப்பிவிட்டால் அந்த உழைப்பு நம் கண்ணுக்குத் தோன்றாது. விடுபட்ட எண்ணையும் எவரும் தேடியிரார்.

ஐயமுடையார் 293318625600ஐ 23ஆற் பெருக்கிப் பார்க்கலாம். மளிகைச் சீட்டின் பின்புறமும் ஒரு பென்சிலும் போதும்.