கிளிகடி கருவிகள்

தினை, சோளம் போன்ற பயிர்களின் கதிர்களைப் பறவைகள் கொய்துவிடாமல் ஓட்டப் பயன்பட்ட கருவிகள். குறிஞ்சி நிலத்தில் கதிர் முற்றும் பருவத்தில் மகளிர் பரண் மீதிருந்து கிளிகளை ஓட்டியதைச் சங்க இலக்கியம் விரிவாகக் காட்டுகிறது. பரணுக்கு இதணம் என்ற பெயரும் உண்டு.

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு (261 அடிகள்) தழல், தட்டை, குளிர் ஆகிய மூன்றையும் குறிப்பிடுகிறது. இவற்றுள் தழல், கையால் சுற்றும்போது ஓசை எழுப்புவது. தட்டை, மூங்கிலைப் பலவாகப் பிளந்து செய்யப்படுவது; ஒன்றில் தட்டினால் ஒலிக்கும். இவற்றோடு கல்லெறியும் கவணும் ‘ஆலோலம்’ என்னும் கூவலும் பயன்பட்டன. வள்ளி தினைப்புனம் காத்த கதையால் ஆலோலம் இன்றும் தமிழர் நினைவில் நிற்கிறது. இரவில் யானை, காட்டுப்பன்றி ஆகியவற்றை விரட்டும் காவல் ஆடவருடையது. தீப்பந்தமும் பறையும் அதற்கு உதவின.

பறவைகளைக் கொல்லாமல் அச்சுறுத்தி விலக்குவதே இக்கருவிகளின் சிறப்பு. ஒரே ஓசை தொடர்ந்தால் பறவைகள் அதற்குப் பழகி அஞ்சாமல் திரும்பிவிடும். எனவே ஆள் காவலும், இடமும் ஓசையும் மாற்றுவதும் இன்றியமையாதவை. இன்று தகர டப்பா, சோளக்கொல்லைப் பொம்மை, காற்றில் படபடக்கும் மினுமினுப்பு நாடா, வலை ஆகியன இப்பணியைச் செய்கின்றன.