செட்டிநாட்டு நூலகங்களில் படிப்பு விளக்கு

அறை முழுவதற்கும் அல்லாமல், விரித்த ஏட்டுக்கு மட்டும் ஒளி தர அமைந்தது படிப்பு விளக்கு. செட்டிநாட்டில் அதன் வரலாற்றை வெளிச்சம் கூடிக்கொண்டே வந்த கதையாகப் பார்ப்பது எளிது. சான்றுகளோ வேறொன்றைச் சொல்கின்றன: ஒளி எவ்வளவு என்பதைவிட, எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு தாழ்வாக வருகிறது என்பதே முக்கியம். பனையோலையில் எழுத்தாணி கீறியதும் எழுத்து ஓலையின் நிறத்திலேயே கிடக்கும். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால் கீறலில் மட்டும் கருமை தங்கும். அந்தக் கருமை மங்கிய ஏட்டை, நேர் மேலிருந்து விழும் ஒளியில் வாசிப்பது கடினம். பக்கத்தில் அகலை வைத்தால் கீறல்தோறும் நிழல் விழுந்து எழுத்து எழும்பித் தெரியும். பின்னால் வந்த சிம்னி விளக்கும் அரிக்கேனும் காற்றுக்குத் தாக்குப்பிடித்தன. ஆனால் சுடருக்குக் கீழே எண்ணெய்க் கலம் இருந்ததால் விளக்கடி இருட்டு போகவில்லை, தீப்பயமும் போகவில்லை. அந்தப் பயத்தால்தான் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் வாசிப்பறை வாயு விளக்கை ஏற்காமல், 1879இல் மின்விளக்கு வரும்வரை காத்திருந்தது. மின்குமிழைத் தலைகீழாகத் தொங்கவிடலாம் என்பதே மேசை விளக்கின் பெரிய திருப்பம். பச்சைக் கண்ணாடி மூடியிட்ட 'எமரலைட்' விளக்கு அமெரிக்காவில் 1909இல் காப்புரிமை பெற்றது. அதே ஆண்டில்தான் செட்டிநாட்டில், தமிழ்ப் படிப்பை வளர்க்க மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபை தோன்றியது. 1917இல் காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கம்.

செட்டிநாட்டு வீட்டின் உட்பகுதியான வளவின் திறந்த முற்றமும், மெருகேற்றிய வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர்களும் பகலில் விளக்கின் வேலையைப் பெரிதும் குறைத்துவிடும். இரவுக்குக் கூரையில் டியூப்லைட் போட்டால் போதாதா, செலவும் குறைவுதானே என்று கேட்கலாம். இங்கே சேர்ந்த நூல்களின் தன்மையைக் கருதினால் போதாது. நூல் சேகரிப்பாளர் கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் மறைந்தபோது விட்டுச்சென்ற ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும், 1994இல் சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளமாயின. மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சான பழைய இதழ்கள் வெளிச்சம் பட்டுப் பழுப்பேறி நொறுங்கும். அந்தச் சேதம் ஒளியின் அளவோடும் நேரத்தோடும் சேர்ந்துகொண்டே போகும், திரும்பாது. வாசிப்பு மேசைக்கு 300 முதல் 500 லக்ஸ் பரிந்துரைக்கப்படுகிறது. நலிந்த தாளைக் காட்சிக்கு வைக்க 50 லக்ஸே வரம்பு. கூரை விளக்கு மேசைக்கான ஒளியை அலமாரிக்கும் எரியும் நேரமெல்லாம் கொட்டுகிறது. மேசை விளக்கோ, படிக்கும் பக்கத்துக்குப் படிக்கும் நேரம் மட்டும் தருகிறது.

முதியோர் கண்ணுக்குக் கூடுதல் ஒளி வேண்டும் என்பது உண்மைதான். விளக்கைப் பாதித் தொலைவுக்கு இழுத்தால் ஒளி ஏறக்குறைய நான்கு மடங்காகும். இருண்ட அறையில் பளிச்சென்ற பக்கம் கண்ணைக் களைப்பாக்கும் என்பதும் உண்மை. அதற்குச் சுவரில் பட்டுத் திரும்பும் மெல்லிய பொது ஒளி வேண்டும். மூடியின் விளிம்பு படிப்பவர் கண்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மேசை விளக்குகளின் ஒயருக்காக ஆத்தங்குடிக் கற்கள் பதித்த தரையை உடைக்கத் தேவையில்லை. மேசைகளைச் சுவரோடு வரிசையாகச் சேர்த்துப் போட்டு, பலகையின் அடிப்புறமாகவே ஒயரைக் கொண்டுபோய்விடலாம்.