உட்கார ஒரு நாற்காலி – பணியிட வடிவமைப்பின் 300 ஆண்டுக் கதை

2021ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் தேதி தமிழக சட்டசபையில் ஒரு சின்ன மசோதா தாக்கல் ஆனது. தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் கொண்டு வந்த அந்த மசோதா சொன்னது ஒரே ஒரு விஷயம்தான். கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்கிற எல்லோருக்கும் உட்கார இருக்கை இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைத்தால் அவர்கள் உட்கார்ந்து கொள்ள வேண்டும்.

ஒரு நாற்காலி போடுவதற்குக் கூடவா சட்டம் என்று கேட்கத் தோன்றும். ஆனால் பெரிய துணிக்கடைகளுக்குப் போய் வந்தவர்களுக்கு அந்தக் கேள்வி தோன்றாது. காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறக்கும் வரை நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டுகிறவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2010இல் வசந்தபாலன் இயக்கிய 'அங்காடித் தெரு' அவர்களின் வாழ்க்கையைத்தான் திரையில் காட்டியது.

வேலை செய்யும் இடத்தை மனித உடலுக்கு ஏற்றபடி அமைக்கும் கலைக்கு எர்கனாமிக்ஸ் என்று பெயர். தமிழில் பணிச்சூழலியல் என்கிறார்கள். இது கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்த புதுப் படிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இதற்கு 300 வருடத்துக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அப்படியானால் ஒரு நாற்காலி துணிக்கடைக்கு வந்து சேர ஏன் இவ்வளவு காலம் ஆனது?

"என்ன வேலை செய்கிறீர்கள்?"

இத்தாலியில் மொடீனா என்ற ஊரில் பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்று ஒரு மருத்துவர் இருந்தார். 1633இல் பிறந்தவர். ஒருநாள் அவர் வீட்டுக் கழிவுக் குழியை ஒரு தொழிலாளி சுத்தம் செய்துகொண்டிருந்தார். அந்த ஆள் ஏன் இவ்வளவு அவசரமாக வேலை செய்கிறார் என்று ராமஸ்ஸினி விசாரித்தார். இதற்குள் அதிக நேரம் இருந்தால் கண் எரிந்து பார்வையே மங்கிவிடும் என்று தெரிய வந்தது. ஊரில் அந்த வேலை செய்த பலர் கண் கெட்டுப்போய் இருப்பதையும் அவர் கவனித்தார்.

அதன் பிறகு அவர் பட்டறை பட்டறையாகப் போனார். தையல்காரர், செருப்பு தைப்பவர், குயவர், கணக்கு எழுதுபவர் என்று ஒவ்வொருவரின் வேலையையும் நோயையும் சேர்த்துப் பார்த்தார். 1700இல் தொழிலாளர்களின் நோய்கள் பற்றி லத்தீன் மொழியில் ஒரு புத்தகம் வெளியிட்டார். நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்பதையும் கேட்க வேண்டும் என்று அதில் சொன்னார்.

எழுத்தர்களின் நோய்க்கு அவர் சொன்ன காரணங்கள் மூன்று. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பது, கையை ஒரே மாதிரி திரும்பத் திரும்ப அசைப்பது, தப்பு வந்துவிடுமோ என்று மனதைக் கசக்குவது. இன்றைக்கு டேட்டா என்ட்ரி வேலை செய்பவருக்கும் இந்த மூன்றும் அப்படியே பொருந்தும்!

ஆக, வேலை உடலைக் கெடுக்கும் என்பது 1700லேயே தெரிந்துவிட்டது. ஆனால் அந்தச் செலவு தொழிலாளியின் உடம்பில் ஏறியதே தவிர முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் ஏறவில்லை. கணக்கில் வராத செலவைக் குறைக்க யாருக்கு அக்கறை இருக்கும்?

மண்வெட்டியும் செங்கல்லும்

கணக்குப் போட்டுப் பார்த்த முதல் ஆட்களில் ஒருவர் அமெரிக்காவின் ஃபிரடெரிக் டெய்லர். காமர்ஸ் மாணவர்களுக்கு அறிமுகமே தேவையில்லாத பெயர். பெத்லஹேம் ஸ்டீல் கம்பெனியில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் அள்ளும் தொழிலாளர்களை அவர் கவனித்தார். எல்லாப் பொருளுக்கும் ஒரே மண்வெட்டி. லேசான பொருள் என்றால் அள்ளுவது கொஞ்சம்தான். கனமான தாது என்றால் இடுப்பு ஒடியும். ஒரு முறை அள்ளும் எடை 21 பவுண்டாக (சுமார் 9.5 கிலோ) இருந்தால்தான் நாள் முழுவதும் அதிகம் அள்ள முடிகிறது என்று கண்டுபிடித்து, ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி அளவில் மண்வெட்டி கொடுத்தார்.

1911இல் வந்த தன் புத்தகத்தில் டெய்லர் கொடுத்த கணக்கு இது. ஒருவர் ஒரு நாளில் அள்ளியது 16 டன்னிலிருந்து 59 டன் ஆனது. கூலி 1.15 டாலரிலிருந்து 1.88 டாலர் ஆனது. டன்னுக்கு ஆன செலவு 7.2 சென்ட்டிலிருந்து 3.3 சென்ட்டாகக் குறைந்தது. கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வேலை ஏறத்தாழ மூன்றரை மடங்கு ஏறியபோது கூலி இரண்டு மடங்குகூட ஏறவில்லை என்பதையும் அதே கணக்கு சொல்கிறது. கருவியை மனிதனுக்கு ஏற்றதாக மாற்றினார், மிச்சமான பலனில் பெரும்பங்கு கம்பெனிக்குப் போனது.

ஃபிராங்க் கில்பிரத் வேறு மாதிரி. அவர் 17 வயதில் கொத்தனார் வேலைக்குப் போனவர். ஒரு செங்கல்லை எடுக்கக் கொத்தனார் ஒவ்வொரு முறையும் காலடி வரை குனிகிறார். கல்லின் எடை சில பவுண்டுதான். ஆனால் அதோடு தன் மேலுடம்பின் எடையையும் சேர்த்துத் தூக்கி நிமிர்கிறார். ஒரு நாளைக்கு ஆயிரம் கல் என்றால் ஆயிரம் தடவை! கில்பிரத் உயரத்தை மாற்றக்கூடிய சாரம் ஒன்றை அமைத்தார். சுவர் உயர உயர சாரமும் உயரும். கல்லும் சாந்தும் குனியாமல் எடுக்கும் உயரத்தில் ஒரு பலகைமேல் இருக்கும். கல்லுக்கு 18 அசைவுகள் என்றிருந்தது 5 ஆகக் குறைந்தது. மணிக்கு 120 கல் வைத்த இடத்தில் 350 கல் வைக்க முடிந்தது.

அவர் மனைவி லில்லியன் கில்பிரத் உளவியல் படித்தவர். களைப்பு பற்றி இருவரும் சேர்ந்து 1916இல் ஒரு புத்தகம் எழுதினார்கள். தொழிலாளிக்குச் சரியான நாற்காலி, நடுவே ஓய்வு, நல்ல வெளிச்சம் என்பதெல்லாம் அதில் முக்கிய விஷயங்கள். 1924இல் கணவர் இறந்த பிறகு பெரிய குடும்பத்தைத் தனியாகக் காப்பாற்றிய லில்லியன், அதே பார்வையைச் சமையலறைக்குக் கொண்டு போனார். மேடை எந்த உயரத்தில் இருக்க வேண்டும், அடுப்பும் தொட்டியும் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று ஆராய்ந்தார். சம்பளம் இல்லாத வேலைக்கும் உடல் வலிக்கும் என்பதைத் தொழில் உலகத்துக்குச் சொன்னவர்களில் அவர் முக்கியமானவர்.

சராசரி மனிதன் யார்?

இந்தத் துறைக்குப் பெயர் வைத்தது ஒரு போலந்துக்காரர். யாஸ்செம்போவ்ஸ்கி என்ற அறிஞர் 1857இல் வேலை, விதி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து எர்கனாமிக்ஸ் என்ற சொல்லை உருவாக்கினார். பிறகு அது மறந்து போனது. 1949இல் இங்கிலாந்தில் ஹைவெல் முரெல் முதலானோர் கூடி ஓர் ஆராய்ச்சிச் சங்கம் தொடங்கியபோதுதான் அந்தச் சொல் மீண்டும் புழக்கத்துக்கு வந்தது.

நடுவே நடந்தது இரண்டாம் உலகப்போர். பி-17 ரக அமெரிக்க விமானங்களில் ஒரு விநோதமான விபத்து அடிக்கடி நடந்தது. பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, இறக்கையின் மடிப்பை மடக்குவதற்குப் பதிலாகச் சக்கரத்தையே விமானிகள் மடக்கிவிட்டார்கள். விமானம் வயிறு தேய விழுந்தது. எல்லாம் விமானியின் தவறு என்று எழுதி வைத்தார்கள். அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் 1943 வாக்கில் விமானத்துக்குள் போய்ப் பார்த்தார். இரண்டு வேலைக்கும் ஒரே மாதிரியான சுவிட்ச் பக்கத்துப் பக்கத்தில் இருந்தது! சக்கரத்துக்கான சுவிட்சில் சின்ன சக்கரம் போன்ற ரப்பர் குமிழையும், மடிப்புக்கானதில் ஆப்பு வடிவக் குமிழையும் பொருத்தினார். கை தொட்டதுமே வித்தியாசம் தெரிந்தது. அந்தக் குழப்பம் நின்றது.

அடுத்த பாடம் 1950இல் வந்தது. அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளை அளந்து அவர்களின் சராசரியை எடுத்தது. கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர் ஒரு கேள்வி கேட்டார். பத்து முக்கியமான அளவுகளிலும் சராசரிக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் எத்தனை பேர்? எண்ணிப் பார்த்தார். ஒருவர்கூட இல்லை. சராசரி மனிதனுக்காகச் செய்த இருக்கை யாருக்குமே பொருந்தாத இருக்கை என்று ஆனது. அதனால்தான் உயரத்தையும் தூரத்தையும் மாற்றிக்கொள்ளும் இருக்கைகள் வந்தன. 1994இல் அமெரிக்காவில் வந்து உலகப் புகழ் பெற்ற ஏரான் நாற்காலியை மூன்று அளவுகளில் செய்தார்கள். காரணம் இதுதான்.

நம் நாட்டுக்கும் இது பொருந்தும். வெளிநாட்டு அளவில் செய்த மேஜையில் உட்கார்ந்தால் பலருக்குக் கால் தரையில் படாது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் தேப்குமார் சக்ரவர்த்தி இந்தியர்களின் உடல் அளவுகளைத் தொகுத்து 1997இல் புத்தகமாக வெளியிட்டார்.

நிற்பதில் என்ன கஷ்டம்?

நடக்கும்போது ஆடுகால் தசை ஒரு பம்பு போல இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் ஒரே இடத்தில் நின்றால் அந்தப் பம்பு ஓய்ந்துவிடும். இரத்தம் காலில் தேங்கி நரம்பு புடைக்கும், பாதம் வீங்கும், இடுப்பு வலிக்கும். ஆடாமல் அசையாமல் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதும் நல்லதில்லை. மாறி மாறி இருப்பதுதான் உடலுக்கு ஏற்றது.

மேஜையின் உயரத்துக்கு முழங்கைதான் அளவுகோல். கடிகாரம் ரிப்பேர் போன்ற நுணுக்க வேலைக்கு முழங்கையைவிடக் கொஞ்சம் மேலே, பில் போடுவது போன்ற லேசான வேலைக்குக் கொஞ்சம் கீழே, பலம் கொடுத்துச் செய்யும் வேலைக்கு இன்னும் கீழே. ஒரு கவுன்ட்டரில் உயரமான ஸ்டூலும் கால் வைக்க ஒரு கட்டையும் போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். லட்சக்கணக்கில் செலவு ஆகாது.

சட்டம் வந்த வழி

அப்படியும் வரவில்லை என்பதால்தான் சட்டம் தேவைப்பட்டது. இங்கிலாந்தில் 1899லேயே கடைப் பணியாளர்களுக்கான இருக்கைச் சட்டம் வந்தது. கடையில் வேலை செய்யும் மூன்று பெண்களுக்கு ஒரு இருக்கையாவது இருக்க வேண்டும் என்றது அது. இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 44ஆம் பிரிவில், நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று சொன்னது. ஆனால் அது தொழிற்சாலைக்கு மட்டும். துணிக்கடை தொழிற்சாலை இல்லையே!

சட்டம் வந்தாலும் நிலைக்கும் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் 2000 நவம்பரில் பணியிடங்களுக்கான எர்கனாமிக்ஸ் விதிகளை அரசு வெளியிட்டது. வருடத்துக்கு 450 கோடி டாலர் செலவாகும், 910 கோடி டாலர் மிச்சமாகும் என்பது அரசின் மதிப்பீடு. செலவு அதைவிடப் பல மடங்கு ஆகும் என்று வர்த்தக அமைப்புகள் எதிர்த்தன. 2001 மார்ச்சில் நாடாளுமன்றம் அந்த விதிகளை ரத்து செய்துவிட்டது. லாபக் கணக்கு சரியாக இருந்தாலும், செலவு செய்பவர் ஒருவர், பலன் பெறுபவர் வேறொருவர் என்றால் தகராறு வரத்தான் செய்யும்.

கேரளத்தில் அந்தத் தகராறை நேரடியாகச் சந்தித்தவர்கள் கடைப் பெண்கள். கோழிக்கோட்டில் தையல் வேலை செய்த விஜி, 'பெண்கூட்டு' என்ற அமைப்பில் கடைத் தொழிலாளிப் பெண்களைச் சேர்த்தார். முதலில் கழிப்பறை கேட்டார்கள். பிறகு உட்காரும் உரிமை கேட்டார்கள். மலையாளத்தில் அதை 'இரிக்கல் சமரம்' என்றார்கள், அதாவது உட்காரும் போராட்டம். 2018இல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி அந்த உரிமையைக் கொடுத்தது.

மூன்று வருடம் கழித்துத் தமிழ்நாடும் அதே வழியில் போனது. 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. ராமஸ்ஸினியின் புத்தகத்துக்கும் இதற்கும் இடையே 321 வருடம்.

திரும்பிப் பார்த்தால் ஒன்று புரிகிறது. உற்பத்தி கூடும் என்று தெரிந்தபோது மண்வெட்டி மாறியது. விமானம் உடையாது என்று தெரிந்தபோது சுவிட்ச் மாறியது. துணிக்கடைப் பெண்ணின் கால் வலியில் யாருக்கும் நஷ்டம் தெரியவில்லை. அதனால் நாற்காலி கடைசியாக வந்தது, அதுவும் அவர்களே தெருவில் இறங்கிக் கேட்ட பிறகு.

அடுத்த முறை ஏதாவது கடைக்குப் போனால் கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு நிமிடம் பாருங்கள். ஸ்டூல் இருக்கிறதா? அதன் உயரம் வேலைக்குப் பொருந்துகிறதா? கூட்டம் இல்லாத நேரத்தில் அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா, இல்லை அதன்மேல் துணி மூட்டைதான் இருக்கிறதா? சட்டம் அந்தக் கடைக்கு வந்து சேர்ந்ததா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.