எத்தனை சதவீதம் முடிந்தது?

2012 ஏப்ரல் 2 காலை 9 மணிக்கு அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் 1940ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாள்களை இணையத்தில் திறந்துவிட்டது. தனிநபர் விவரங்கள் 72 ஆண்டு கழித்தே வெளிவர வேண்டும் என்பது அந்நாட்டு விதி. காத்திருந்த கூட்டம் மொத்தமாகப் புகுந்ததில் அன்றே தளம் திணறியது.

உள்ளே போனவர்களுக்கும் லேசில் எதுவும் கிடைக்கவில்லை. ஏறத்தாழ 38 லட்சம் பக்கங்களில் 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் பெயரைத் தட்டித் தேட வழியில்லை. தாத்தா அப்போது எந்தத் தெருவில் குடியிருந்தார் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தெரு எந்தக் கணக்கெடுப்பு வட்டத்தில் வருகிறது என்று கண்டுபிடித்து, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும்.

ஆகவே, யாராவது உட்கார்ந்து அத்தனை பெயரையும் தட்டச்சு செய்ய வேண்டும். இதற்கு முன்னோடி பிரிட்டனில் இருந்தது. 1881 கணக்கெடுப்பை 1980களின் இறுதியில் அங்குள்ள குடும்ப வரலாற்றுச் சங்கங்களும் அமெரிக்காவின் யூட்டா மரபியல் சங்கமும் சேர்ந்து படியெடுக்கத் தொடங்கின. எல்லாம் ஒளிநகலும் தாளும் பேனாவும்தான். 1999இல் அது குறுந்தகடுகளாக வெளிவந்தது.

2012இல் ஃபேமிலிசர்ச் என்ற மரபியல் அமைப்பும் அதன் கூட்டாளிகளும் 1940 தாள்களைக் கையிலெடுத்தார்கள். ஒரே பக்கத்தை இருவர் தனித்தனியே எழுதுவது, பிறகு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என்பதுதான் முறை. 40 வரி கொண்ட ஒரு பக்கம்தான் ஒருவருக்குரிய பங்கு. அதே பக்கம் முகம் தெரியாத இன்னொருவருக்கும் போகும். இருவரின் வாசிப்பும் மாறுபட்டால் நடுவர் ஒருவர் தீர்ப்பார். வேலையை இப்படித் துண்டு போட்டதால்தான் அதை அளக்கவும் முடிந்தது. மாநிலவாரியாக எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டும் வரைபடம் ஒன்று பிறந்தது; முன்னேற்றம் ஏற ஏற அது மாறிக்கொண்டே வந்தது.

எனக்கு இதில் பிடித்தது, அந்தச் சதவீதத்துக்குள் இருக்கும் பிடிவாதம். ஒருவர் தட்டிவிட்டால் முடிந்தது என்று கணக்கில்லை. இருவரும் முடித்து, மாறுபட்டால் நடுவரும் பார்த்தாக வேண்டும். 1940இல் கணக்கெடுத்தவரின் கோழிக்கிறுக்கல் கையெழுத்தை நினைத்தால் இந்தக் கறார் நியாயம்தான். ஊரைப் பொறுத்து வேலையின் கனமும் மாறும். நியூயார்க்கில் இத்தாலிய, போலந்துப் பெயர்களோடு மல்லுக்கட்ட வேண்டும். குட்டி மாநிலமான டெலவேர்தான் முதலில் தேடலுக்குத் திறந்தது. தன் மாநிலம் பின்தங்கியிருப்பதை வரைபடத்தில் பார்த்து ரோஷத்தோடு கூடுதலாக நாலு பக்கம் எடுத்தவர்கள் இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். 1,60,000க்கும் அதிகமான தன்னார்வலர்கள் உழைத்து, அதே ஆண்டு ஆகஸ்டில் வேலையை முடித்தார்கள்.

1950 கணக்கெடுப்பு 2022 ஏப்ரல் 1 அன்று வெளியானபோது, கையெழுத்தை முதலில் படித்தது கணினி. தன்னார்வலர்களின் வேலை, கணினி படித்த பெயர் சரியா என்று பார்ப்பது என்றானது. மாநிலவாரி முன்னேற்றம் அப்போதும் காட்டப்பட்டது. இம்முறை அது அளந்தது, தட்டச்சு செய்த பக்கங்களை அல்ல, மனிதக் கண் பட்ட பெயர்களை.