எல்இடி லைட் சுடாது... அடாப்டர் சுடும்! தீப்பிடிக்காமல் தடுப்பது எப்படி?

ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா தரிசனம் வந்தால் சிதம்பரத்தில் சீரியல் லைட்டுகளுக்குப் பஞ்சமிருக்காது. வீடு, கடைகளின் ஃபால்ஸ் சீலிங்கிலும் இப்போது எல்இடி ஸ்ட்ரிப்தான். "எல்இடி தானே, சூடாகாது" என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கவனிக்க வேண்டியது லைட்டை அல்ல, அதற்கு கரண்ட் கொடுக்கும் பெட்டியை.

டிரைவர் என்றால் என்ன?

230 வோல்ட் ஏசி மின்சாரத்தை, ஸ்ட்ரிப்புக்குத் தேவையான 12 அல்லது 24 வோல்ட் டிசியாக மாற்றுவதுதான் டிரைவர். கடைகளில் அடாப்டர், எஸ்எம்பிஎஸ் என்பார்கள். மாற்றும்போது கொஞ்சம் மின்சாரம் வெப்பமாக வீணாகும். காற்றோட்டம் இல்லாவிட்டால் அந்தச் சூடு உள்ளேயே தங்கிவிடும். உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரின் ஆயுள், ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் உயர்வுக்கும் ஏறக்குறைய பாதியாகும்.

கடலூரில் ஏன் கூடுதல் கவனம்?

தேவனாம்பட்டினம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று ஒயர் இணைப்புகளை அரிக்கும். அரித்த, லூசான இணைப்பில் மின்தடை கூடி, அந்த இடம் மட்டும் கொதிக்கும். பக்கத்தில் தெர்மாகோல், திரைத்துணி இருந்தால் தீப்பற்றலாம். 'எம்சிபி இருக்கே' என்று சும்மா இருக்க முடியாது. லைனில் கரண்ட் அளவு மீறினால்தான் அது ட்ரிப் ஆகும். எங்கோ ஓர் இணைப்பு சுடுவது அதற்குத் தெரியாது.

எத்தனை வாட் வாங்கணும்?

மீட்டருக்கு 14.4 வாட் ஸ்ட்ரிப், 5 மீட்டர் என்றால் மொத்தம் 72 வாட். டிரைவரின் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் லோடு கொடுக்காமல் இருப்பது நல்லது. அதன்படி குறைந்தது 90 வாட் தேவை. 100 வாட் வாங்கினால் நிம்மதி.

வேறு என்ன செய்யலாம்?

* டிரைவரை பஞ்சு, துணி, தெர்மாகோலுக்குள் புதைக்காதீர்கள். சுற்றிலும் காற்றுப் போக இடம் விடுங்கள்.
* இந்தியாவில் எல்இடி டிரைவருக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம். 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம்.
* வெளியில் மாட்ட ஐபி65 அல்லது அதற்கு மேற்பட்ட தரம் பாருங்கள்.
* ஒயரை முறுக்கி டேப் சுற்றுவதற்குப் பதில் கனெக்டர் போடுங்கள்.
* தூங்கும் முன், வெளியூர் கிளம்பும் முன் சீரியல் செட்டை ஆஃப் செய்யுங்கள்.

கருகல் வாடை, லைட் மினுக்குவது, 'ஜ்ஜ்' என்ற சத்தம்... இதில் ஒன்று வந்தாலும் மெயினை ஆஃப் செய்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். தீப்பற்றினால் மின்சாரம் இருக்கும்போது தண்ணீர் ஊற்றவே கூடாது. தீயணைப்புத் துறை எண்: 101.