விட்ட இடத்திலிருந்து தொடரும் கணக்கு

கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு 1950களின் நடுவில் இங்கிலாந்திலிருந்து ஹெச்.இ.சி.-2எம் வந்து இறங்கியது. இந்தியாவின் முதல் டிஜிட்டல் கணினி அதுதான். ஒருவர் கணக்கு முடிந்தால்தான் அதில் அடுத்தவர் கணக்கு ஏறும். ஆகவே பாதிக் கணக்கை எடுத்துவைத்து, பிறகு அப்படியே திருப்பித் தரும் வேலை அதற்கு இருக்கவில்லை.

ஒரே கணினியைப் பல நிரல்கள் பகிரத் தொடங்கியதும் அந்த வேலை பிறந்தது. தசமப் புள்ளி எண்களின் கணக்குக்கென்றே இன்டெல் 1980இல் 8087 என்ற துணைச் சிப்பை வெளியிட்டது. கணித அறிஞர் வில்லியம் கஹன் அதற்கு ஆலோசகர். கணக்கில் இருக்கும் மதிப்புகளைத் தாங்கும் 80 பிட் ரெஜிஸ்டர்கள் அதில் எட்டு. அவற்றின் நிலையை நினைவகத்தில் எழுதிவைக்க எஃப்சேவ், மீண்டும் ஏற்ற எஃப்ஆர்ஸ்டார் என்று இரு கட்டளைகளும் கூடவே வந்தன. அன்று 94 பைட் போதுமாயிருந்தது. 1990களின் பிற்பகுதியில் வந்த எஃப்எக்ஸ்சேவ் 512 பைட் கேட்டது.

சுமை கூடவே குறுக்குவழி பிறந்தது. நிரல் மாறும்போது இயங்குதளம் ரெஜிஸ்டர்களைத் தொடாமல் விட்டுவிடும். புதிய நிரல் தசமக் கணக்கில் கைவைத்தால் மட்டும் மாற்றும். 2018 ஜூனில் அதிலிருந்த ஓட்டை வெளிப்பட்டது. சிப் கட்டளைகளை முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கும் அந்தக் கணத்தில், முந்தைய நிரலின் மதிப்புகளை அடுத்தது கறந்துவிட முடிந்தது. ரகசியச் சாவிகளும் அந்த ரெஜிஸ்டர்களில் தங்குவதுண்டு. அந்த ஓட்டைக்கு லேசிஎஃப்பி என்று பெயர்.

ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினிகளில் சிக்கல் இன்னும் ஒரு படி ஏறியது. அத்தகைய கணினிகளை ஓட்ட 2007இல் லினக்ஸ் இயங்குதளத்தில் சேர்ந்த கேவிஎம், உள்ளே ஓடும் கணினியின் கட்டளைகளைப் பெரும்பாலும் நேரே சிப்பிலேயே ஓடவிடுகிறது. சாதனங்களைத் தொடுவது போன்ற சில கட்டளைகளை மட்டும் மென்பொருளே செய்து முடிக்கிறது. இதுவே எமுலேஷன். அப்படிச் செய்யும் கட்டளை தசம ரெஜிஸ்டரைக் கேட்டால், சிப்பில் அந்த நேரத்தில் இருப்பது யாருடைய மதிப்பு? 2019இல் லினக்ஸ் 5.2, ரெஜிஸ்டர்களை மீட்டு ஏற்றும் வேலையைக் கடைசி நிமிடம்வரை தள்ளிப்போட்டபோது இந்தக் கேள்வி கூர்மையானது. ரெஜிஸ்டரைத் தொடுமுன் சோதித்து, தேவையானால் உரியவரின் நிலையை முதலில் ஏற்றும் திருத்தம் 2020இன் தொடக்கத்தில் கேவிஎம்மில் சேர்ந்தது.

அளவில் சிறிய திருத்தம்தான். ஆனால் தசம ரெஜிஸ்டர் மாறிப்போனால் கணினி நின்றுவிடும் என்பதில்லை. தவறான விடையோடு சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கலாம். நின்றுபோகும் கணினியைப் பார்த்துச் சரிசெய்துவிடலாம். ஓடிக்கொண்டே பொய் சொல்லும் கணினியை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? பலர் பகிரும் கணினியை நம்பலாம் என்று சொல்ல வேண்டுமானால், ஒவ்வொருவரும் விட்டுச்சென்றதை ஒரு பிட்டும் மாறாமல் அது திருப்பித் தந்தாக வேண்டும்.